இயந்திர உதவியாளுக்கு எழுதும் சீட்டு

நம் பள்ளியின் சிக் ரூமைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர் ஒரு வாரம் வெளியூர் போக நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பதிலாகப் புதிதாக ஒருவர் வருகிறார். வந்தவர் மிகுந்த புத்திசாலி, நிறையப் படித்தவர். ஆனால் இந்த அறைக்குள் அவர் காலடி வைக்க முடியாது. அலமாரியைத் திறந்து பார்க்கவும் முடியாது. சன்னல் வழியே நின்று, ஒவ்வோர் இழுப்பறையின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, “அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள்” என்று கேட்கத்தான் முடியும். ஒரு சீட்டில் ‘மருந்து’ என்றும் அடுத்ததில் ‘மாத்திரை’ என்றும் எழுதியிருந்தால் அவர் என்ன செய்வார்? பாவம், ஊகிப்பார். புத்திசாலி ஆகையால் பல முறை சரியாகவே ஊகிப்பார். தவறிப்போகும் அந்த ஓரிரு முறையைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

ஏ.ஐ. ஏஜென்ட் என்று இன்று சொல்லப்படும் செயற்கை நுண்ணறிவு உதவியாளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சாதாரண உரையாடல் இயந்திரம் நாம் கேட்ட கேள்விக்குத் தான் கற்றதிலிருந்து பதில் சொல்லும். ஏஜென்ட் ஒரு படி மேலே போய் நமக்காகக் காரியங்களையும் செய்யும். நாட்காட்டியைப் பார்க்கும், கடிதம் அனுப்பும், உடல்நலப் பதிவுகளைப் புரட்டும். ஆனால் இவற்றை அது நேராகச் செய்வதில்லை. ஒவ்வொரு காரியத்திற்கும் ஒரு சிறு நிரலை யாரோ எழுதிவைக்கிறார்கள். அதற்குத்தான் கருவி என்று பெயர். மென்பொருள் எழுதுவோர் ‘டூல்’ என்பார்கள்.

கருவிக்குள்ளே என்ன இருக்கிறது என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. கருவியின் பெயர், அதைப் பற்றிய விளக்கம், கேட்கும்போது சேர்த்துக் கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகிய மூன்று மட்டுமே அதன் கைக்கு வருகின்றன. நாம் ஒன்றைக் கேட்டதும் அது எல்லா விளக்கங்களையும் படித்து, எது பொருந்தும் என்று முடிவு செய்து, “இந்தக் கருவியை இந்த விவரங்களோடு இயக்குக” என்று எழுதிக் கொடுக்கிறது. வெளியே இருக்கும் நிரல் அப்படியே இயக்கி விடையைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த விடையைத்தான் ஏஜென்ட் நமக்கு வாக்கியமாகச் சொல்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. யார் செய்த கருவியையும் யாருடைய ஏஜென்ட்டுக்கும் ஒரே முறையில் அறிமுகம் செய்துவைக்க அது வழி வகுத்தது. அதற்குப் பின் கருவிகள் மழைக்காலக் காளான்போலப் பெருகிவிட்டன. விளக்கம் எழுதுவதில் மட்டும் ஒருவரும் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை என்பது என் சித்தப்பாவின் குறை. அவர் தியாகராய நகரில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதுபவர். நான் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அவருடைய மேசையருகே உட்கார்ந்து பார்த்தது.

உடல்நல விவரங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் அத்தகைய எண்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று மத்திய அரசு நாடெங்கும் தொடங்கிய மின்னணு மருத்துவத் திட்டத்தில், விரும்புவோர்க்கு 14 இலக்கங்கள் கொண்ட ‘ஆபா’ எண் கிடைக்கிறது. நம் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. இவர்களில் பலர் வீட்டில் ஒரு சிறிய குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறார்கள். புதிய மீட்டர்கள் பல, விரல் நுனி இரத்தத்தில் பார்த்த அளவைத் தாமாகவே கைப்பேசிக்கு அனுப்பிவிடுகின்றன.

மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் பாட்டி அவர்களுள் ஒருவர், வயது 74. அவருடைய அளவுகளைப் பார்த்துத் தமிழில் சொல்வதற்காகச் சித்தப்பா ஓர் ஏஜென்ட்டை அமர்த்தினார். கைப்பேசிச் செயலியோடு வந்த கருவியின் விளக்கம் ஆங்கிலத்தில் ஒரே வரியாக இருந்தது. தமிழில் சொன்னால், “சர்க்கரை விவரங்களைத் தரும்.” அவ்வளவுதான். அந்த வரியை நம்பி ஏஜென்ட் என்னென்ன சொல்லிற்று என்பதைக் கேளுங்கள்.

பாட்டி அதிகாலை 5.15 மணிக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் பார்த்த அளவை, “முந்தைய நாள் இரவு 11.45 மணிக்குப் பார்த்தது” என்று சொல்லிற்று. செயலி நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்துவைக்கிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே நம்முடைய அதிகாலை அங்கே முந்தைய நாளின் நள்ளிரவுக்குக் கால் மணி முன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 128 என்றால் மகிழலாம். எட்டு மணி நேரம் பட்டினி இருந்த பிறகும் 128 என்றால் அது 126 என்னும் நீரிழிவு எல்லையைத் தாண்டிய எண். எண் ஒன்றுதான், நேரம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது.

அடுத்தது, வாரச் சராசரி கேட்டபோது வெறும் வயிற்று அளவுகளையும் சாப்பிட்டு இரண்டு மணி கழித்துப் பார்த்த அளவுகளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து ஓர் எண்ணைக் கொடுத்தது. கூட்டலில் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது. நம் வகுப்பின் உயரச் சராசரியை நாற்காலிகளையும் சேர்த்து எடுத்தது போல.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் லண்டனில் இருக்கும் அத்தையால் வந்தது. அத்தைக்கும் சர்க்கரை உண்டு. குடும்பத்தார் எல்லாரும் ஒரே செயலியில் இருக்கிறார்கள். நம் ஊரில் இரத்தச் சர்க்கரையை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். இங்கிலாந்திலோ லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். ஒன்றை மற்றொன்றாக்க 18-ஆல் பெருக்க வேண்டும் அல்லது வகுக்க வேண்டும். அத்தையின் 7.8 நம் கணக்கில் 140. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையிலும் இதே கதைதான். பாட்டியின் அறிக்கையில் 7 சதவீதம் என்று இருக்கிறது. அத்தையின் அறிக்கையில் 53 என்று இருக்கிறது. 53 என்பது அந்நாட்டு அலகில் அதே 7 சதவீதமே! தாய்க்கும் மகளுக்கும் சர்க்கரை அச்சாக ஒரே நிலையில் இருக்க, “அத்தையின் அளவு பாட்டியினுடையதைவிட ஏழு மடங்குக்கும் மேல்” என்றது ஏஜென்ட். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அலகு என்ன என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

1999 செப்டம்பரில் அமெரிக்காவின் செவ்வாய்க் கோள் விண்கலம் ஒன்று இதே காரணத்தால்தான் தொலைந்துபோயிற்று. ஒரு குழு பழைய ஆங்கில அலகில் எண்களைக் கொடுக்க, மற்றொரு குழு அவற்றை மெட்ரிக் அலகு என்று எடுத்துக்கொண்டது. அத்தனை விஞ்ஞானிகள் கூடியிருந்த இடத்திலேயே அப்படி என்றால், சன்னலுக்கு வெளியே நிற்கும் நம் உதவியாள் எம்மாத்திரம்?

சித்தப்பா அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டுப் புதிய விளக்கம் எழுதினார். ‘சர்க்கரை’ என்று இருந்த கருவியின் பெயரையும் ‘வீட்டு மீட்டர் இரத்தச் சர்க்கரை’ என்று மாற்றினார். தமிழாக்கம் என்னுடையது.

“வீட்டுக் குளுக்கோமீட்டரில் விரல் நுனி இரத்தத்தில் பார்த்த சர்க்கரை அளவுகளைத் தரும். ஆய்வுக்கூட அறிக்கைகளும் எச்.பி.ஏ.1.சி.யும் இதில் இல்லை. அவற்றுக்கு ஆய்வுக்கூட அறிக்கைக் கருவியைப் பயன்படுத்துக. எந்த நாட்டில் அளந்ததாயினும் அளவு மில்லிகிராம்/டெசிலிட்டர் ஆக மாற்றப்பட்டே வரும். நேரம், அளந்தவர் வசிக்கும் ஊரின் நேரம். தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருக்கும். ஒவ்வோர் அளவோடும் ‘வெறும் வயிறு’, ‘உணவுக்குப் பின்’, ‘குறிக்கப்படவில்லை’ என்ற மூன்றில் ஒன்று வரும். குறிக்கப்படாததை ஊகிக்க வேண்டாம். வெவ்வேறு வகைகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டாம். ஒரு முறை கேட்டால் அண்மைப் பதிவுகள் 100 மட்டுமே வரும்; அதற்கு மேல் இருந்தால் ‘தொடர்ச்சி உண்டு’ என்ற குறிப்பு வரும்.”

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறான பதிலைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. தேதி வரிசையைச் சொன்னது எதற்கு? 04/05 என்பது நமக்கு மே மாதம் நான்காம் நாள், அமெரிக்கருக்கு ஏப்ரல் ஐந்தாம் நாள். நூறு பதிவுகள் என்று சொன்னது எதற்கு? சொல்லாவிட்டால், வந்த நூறுதான் மொத்தமும் என்று எண்ணி, “பாட்டி சென்ற ஆண்டு சர்க்கரையே பார்க்கவில்லை” என்று சொல்லிவிடும். ‘எது இதில் இல்லை’ என்று சொன்ன வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு இழுப்பறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றின் சீட்டில் மற்றதைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டும்.

அப்படியென்றால் நீளமாக எழுதிக்கொண்டே போகலாமா என்று கேட்டேன். கூடாதாம். ஏஜென்ட் எல்லாக் கருவிகளின் விளக்கங்களையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று உள்ள இடமோ அளவுக்கு உட்பட்டது. நாற்பது கருவிகளுக்கும் நாற்பது கட்டுரைகள் எழுதினால் முக்கியமான வரி நடுவில் புதைந்துபோகும். ‘அதிநவீன’, ‘மிகச் சிறந்த’ போன்ற விளம்பரச் சொற்களைச் சித்தப்பா முதலில் வெட்டினார். ஒரு வாக்கியத்தை நீக்கினால் ஏஜென்ட்டின் நடத்தை மாறுமா என்று பார்க்க வேண்டும், மாறாவிட்டால் அது வேண்டாம் என்பது அவர் கட்சி.

மருந்துப் பட்டியலைப் படிக்கும் கருவி வேறொரு பாடம் கற்பித்தது. நம் ஊர் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். இயந்திரம் அதை நூற்றொன்று என்று படித்தால் யாரைக் கேட்பது? ‘ஓ.டி.’ என்ற சுருக்கம் இதைவிடப் பொல்லாதது. பொது மருத்துவர் எழுதினால் நாளுக்கு ஒரு வேளை என்று பொருள். கண் மருத்துவர் எழுதினால் வலது கண் என்று பொருள். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. நம் சென்னையில் ஒரே நோயாளி காலையில் சர்க்கரைக்கு ஒரு மருத்துவரையும் மாலையில் கண்ணுக்கு மற்றொரு மருத்துவரையும் பார்ப்பது அன்றாடம் நடப்பதுதான். இரண்டு சீட்டுகளும் ஒரே பையில், ஒரே செயலியில்.

இது இயந்திரம் வந்த பிறகு முளைத்த தொல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமைப்பு 2004-இல் ‘பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்’ என்று ஒரு பட்டியலே வெளியிட்டது. இன்சுலின் அளவில் ‘யூனிட்’ என்ற சொல்லை முழுதாக எழுதாமல் ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்தை மட்டும் எழுதினால், அவசரத்தில் அது சுழியம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். இந்திய மருத்துவக் கழகம் 2016-இல் தன் விதியைத் திருத்தி, மருந்துகளின் பொதுப் பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்துகளில், எழுத வேண்டும் என்றது. கருவி விளக்கம் எழுதுபவர்க்கும் அது பொருந்தும். ‘வேளை’ என்ற இடத்தில் சுருக்கத்தை அனுமதிக்காமல், ‘காலை’, ‘மதியம்’, ‘இரவு’ என்ற மூன்று சொற்களை மட்டுமே ஏற்கும்படி வைத்துவிட்டார் சித்தப்பா.

‘யாருடைய பதிவு?’ என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. நம் தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. அதுவும் ஒரு காகிதத்தில் பெயருக்கு முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். மேரி என்ற பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! கத்தோலிக்கக் குடும்பத்தில் பாட்டி ஒரு மேரி, அத்தை ஒரு மேரி, பேத்தி ஒரு மேரி. “மேரியின் இரத்தப் பரிசோதனையைக் காட்டு” என்றால் எந்த மேரி? ஆகவே கருவி பெயரைக் கேட்கக் கூடாது, அடையாள எண்ணைக் கேட்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு எண் தெரியாவிட்டால், “ஊகிக்காமல் கேட்டவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்க” என்ற வரியும் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கொரு நல்ல முன்னோடி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அந்நிலையத்தில், 1981-இல் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. சென்னை மக்களுள் எத்தனை பேருக்கு, எந்த உறுப்பில் புற்றுநோய் வருகிறது என்று கணக்கிடுவது அதன் வேலை. பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று விவரம் சேர்ப்பார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் ‘சென்னை மக்கள்’ என்றால் யார்? திருவண்ணாமலையிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் மயிலாப்பூரில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியைத்தான் கொடுப்பார். அவரையும் சேர்த்துவிட்டால் சென்னையின் கணக்கு வீணே உயர்ந்துவிடும். ஆதலால் குறைந்தது ஓராண்டு இங்கே வசித்தவரே இவ்வூரார் என்று வரையறை செய்து வைத்திருக்கிறார்கள். ஒரே நோயாளி மூன்று மருத்துவமனைகளில் பதிவாகியிருந்தால் அவர் ஒருவரே என்று கண்டுபிடித்துச் சேர்ப்பதும் அவர்கள் வேலை. ஏஜென்ட் என்ற சொல்லையே யாரும் கேள்விப்படாத காலத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதுவது, எதை எழுதக் கூடாது என்பதை அவர்கள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். இன்று கருவி விளக்கம் எழுதும் பொறியாளர்கள் ஒரு நாள் அங்கே போய்ப் பாடம் கேட்கலாம் என்பேன்.

நம் மொழியின் இயல்பையும் கவனிக்க வேண்டும். “மயக்கமாக வந்தது” என்று பாட்டி சொன்னால் தலை சுற்றிற்றா, நினைவு தப்பிற்றா? இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். மருத்துவருக்கு இரண்டும் வெவ்வேறு. நெஞ்சு வலித்தால் “வாயுத் தொல்லை” என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் குடிக்கிறவர்கள் எத்தனை பேர்! ‘பிரஷர்’ என்றால் இரத்த அழுத்தமா, அதிக இரத்த அழுத்தம் என்ற நோயா? நோயாளியின் அறிகுறிகளைக் குறித்துவைக்கும் கருவி ஒன்று இருக்குமானால், “சொன்னவரின் சொற்களை அப்படியே எழுதுக, நோயின் பெயராக மாற்ற வேண்டாம்” என்று அதன் விளக்கத்தில் எழுதியாக வேண்டும். இல்லையேல் பாட்டி சொன்ன ‘வாயு’ மருத்துவரின் திரையில் ‘அஜீரணம்’ என்று போய் நிற்கும். நெஞ்சு வலித்தது அவருக்குத் தெரியாமலே போகும்.

இனிப் பூட்டைப் பற்றி. இழுப்பறையின் மேல் ‘பிறர் திறக்கலாகாது’ என்று சீட்டு ஒட்டினால் அது பூட்டு ஆகிவிடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். “பேத்தியின் விவரங்களை மற்றவர்க்குக் காட்ட வேண்டாம்” என்று விளக்கத்தில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது கூடாது. ஏஜென்ட் பெரும்பாலும் கேட்கும், எப்போதும் கேட்கும் என்பதற்கு உறுதி இல்லை. அனுமதியில்லாதவர்க்குத் தராமல் மறுக்கும் வேலையை நிரலே செய்ய வேண்டும். விளக்கமோ, “அனுமதி இல்லையெனில் ‘அனுமதி இல்லை’ என்று வரும், வேறு வழியாக முயல வேண்டாம்” என்று சொல்ல வேண்டும்.

எங்களைப் போன்ற பெண்களுக்கு இது முக்கியம். கைக்கடிகாரமும் கைப்பேசியும் எங்கள் நடையை, உறக்கத்தை, மாதந்தோறும் நாங்கள் குறித்துவைக்கும் நாட்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கின்றன. பாட்டியின் சர்க்கரையைக் கேட்கப் போன ஏஜென்ட், ‘குடும்ப உடல்நல விவரங்கள் அனைத்தும்’ என்ற ஒரே கருவியைத் திறந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் ஒரு பெரிய கருவிக்குப் பதிலாகப் பல சிறிய கருவிகள் வேண்டும், ஒவ்வொன்றும் கேட்டதை மட்டும் கொடுக்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரிடம் சம்மதம் கேட்கும் வாசகம் தெளிவான எளிய நடையில் இருக்க வேண்டும் என்கிறது. அதை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் விரும்பிய ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வர வேண்டும். மனிதரிடம் எளிய நடையில் கேள் என்று சட்டம் சொல்கிறது. இயந்திரத்துக்கு எழுதும் சீட்டும் எளிய நடையில் இருந்தால், பெற்றோரும் அதைப் படித்து, எதற்குச் சம்மதம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாமே!

படிக்கும் கருவியையும் எழுதும் கருவியையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்ப்பதில் பிழை நேர்ந்தால் மறுபடி பார்க்கலாம். மருந்தின் அளவை மாற்றி எழுதிவிட்டால் அந்தப் பிழை வயிற்றுக்குள் போய்விடும். எழுதும் கருவியின் விளக்கத்தில், “எழுதுமுன் மனிதரிடம் காட்டி ஒப்புதல் பெறுக” என்பது முதல் வரியாக இருக்கட்டும்.

விளக்கம் நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? எழுதியவருக்கு அது எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். ஆகவே சித்தப்பா இருபது கேள்விகளை எழுதிவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அந்த இருபதையும் ஏஜென்ட்டிடம் கேட்கிறார். பொய்ப் பதிவுகள் சிலவற்றை வேண்டுமென்றே உள்ளே வைக்கிறார். ஒரு நாள் அவ்வாறு வைத்த பதிவு இது: மீட்டரில் எண் இல்லை, ‘ஹை’ என்று மட்டும் இருக்கிறது. பல மீட்டர்கள் அளவு 600-ஐத் தாண்டினால் எண்ணைக் காட்டாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் காட்டும். அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. கருவியோ எண் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு அனுப்பிற்று. “இன்று சர்க்கரை பார்த்தாரா?” என்று கேட்டதற்கு, “இன்று பார்க்கவில்லை” என்று அமைதியாகப் பதில் சொன்னது ஏஜென்ட். எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. பார்க்கவில்லை, பார்த்தும் எண் வரவில்லை, மீட்டரோடு தொடர்பே கிடைக்கவில்லை என்ற மூன்றும் வெற்றிடமாகவே வந்தால் எந்தப் புத்திசாலிக்கும் வேறுபாடு தெரியாது. இப்போது அவை மூன்று வெவ்வேறு சொற்களாக வருகின்றன. ‘மேல் எல்லையைத் தாண்டியது’ என்று வந்தால் மற்ற எதையும் சொல்லுமுன் அதையே முதலில் சொல்ல வேண்டும் என்றும் விளக்கத்தில் எழுதியாயிற்று.

இன்னும் தீராதது ஒன்றே ஒன்று. பாட்டி பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருப்பார். அறுபதாம் வயது தொடங்கியவர்க்கு அந்தக் கடமை இல்லை என்று பங்குத்தந்தையும், சர்க்கரைக்காரர் பட்டினி இருக்கலாகாது என்று மருத்துவரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அன்று நண்பகலில் பார்த்த அளவு 190 என்றும், ‘வெறும் வயிறு’ என்றும் பதிவாகியிருந்தது. ஏஜென்ட் கலவரப்பட்டு எச்சரிக்கை விடுத்தது. விசாரித்தபோதுதான், பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் காபி, சர்க்கரை போட்டு, உள்ளே போயிருப்பது தெரிந்தது. “காபி என்ன சாப்பாடா?” என்று பாட்டி கேட்டார். மயிலாப்பூரில் இக்கேள்விக்கு மறுமொழி சொல்வது எளிதன்று.

எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் அருந்தாத நிலையே வெறும் வயிறு என்று விளக்கத்தில் எழுதிவிடலாம் என்றேன் நான். அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும் என்றார் சித்தப்பா. பதிவில் இருப்பது அதுவன்று. பாட்டி எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது மட்டுமே இருக்கிறது. எனவே அவர் எழுதியது இது: “‘வெறும் வயிறு’ என்பது அளந்தவர் தாமே அழுத்திய பொத்தான். காபிக்குப் பின்னும் அழுத்தப்பட்டிருக்கலாம். காலை ஏழு மணிக்குப் பின் இக்குறிப்பு வந்தால் கேட்டு உறுதி செய்துகொள்க.” வரையறையைப் பாட்டியின் கைப்பேசித் திரையில் அந்தப் பொத்தானின் கீழே போட்டார்: “காபிகூடக் குடிக்கவில்லை.” அன்று முதல் பாட்டி அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. பதிவுகள் எல்லாம் ‘குறிக்கப்படவில்லை’ என்றே வந்துகொண்டிருக்கின்றன.